எத்தனை மணி நேரம்? – தண்ணீர், ஹைட்ரஜன், வினையூக்கிகளின் ஆயுள்

சில வாரங்களுக்கு ஒருமுறை செய்திகளில் தவறாமல் வந்துபோகும் தலைப்பு ஒன்று உண்டு: தண்ணீரிலிருந்து மலிவாக ஹைட்ரஜன், விஞ்ஞானிகள் சாதனை. சாதனை நடந்த ஊர் மாறும். ஒருமுறை ஆஸ்திரேலியா, அடுத்தமுறை கொரியா, அதற்கடுத்து ஸ்பெயின். மூலப்பொருளும் மாறும். நிக்கல், கோபால்ட், மாங்கனீஸ், மாலிப்டினம் என்று தனிமவரிசை அட்டவணையில் ஒரு சுற்று வந்துவிடலாம். செய்தியின் உடல் மட்டும் மாறுவதில்லை. விலையுயர்ந்த உலோகத்துக்குப் பதில் மலிவான பொருள், முன்னைவிடக் குறைந்த மின்சாரம், விரைவில் சந்தைக்கு வரும்.

இருபது வருடங்களாக இப்படிச் சாதனைகள் நடந்துவருகின்றன என்றால் இந்நேரம் ஹைட்ரஜன் மலிந்திருக்க வேண்டும். சர்வதேச எரிசக்தி முகமையின் கணக்குப்படி 2023ல் உலகம் பயன்படுத்திய ஹைட்ரஜன் சுமார் 97 மில்லியன் டன். அதில் ஆகப்பெரும் பங்கு இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் வந்தது. கரியமில வாயுவை அதிகம் வெளியிடாத வழிகளில் கிடைத்தது ஒரு சதவீதத்துக்கும் குறைவு.

இந்தச் செய்திகள் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. பெரும்பாலும் அவற்றுக்குப் பின்னால் ஒழுங்காகச் செய்த ஆய்வும், சக ஆய்வாளர்கள் சரிபார்த்த கட்டுரையும் இருக்கின்றன. ஆனால் ஒரு கேள்விக்கு அவற்றில் பதில் இருப்பதில்லை. இந்த வினையூக்கி எத்தனை மணி நேரம் உழைக்கும்? பசுமை ஹைட்ரஜனுக்காக அரசுகள் கோடிக்கணக்கில் பணம் ஒதுக்கியிருக்கும் இந்த வேளையில், மற்ற எல்லாக் கேள்விகளையும்விட இதுதான் முக்கியமானது என்பது என் எண்ணம்.

ஏன் ஹைட்ரஜன்?

ஹைட்ரஜன் என்றதும் பலருக்கும் கார் நினைவுக்கு வருகிறது. காரை விட்டுவிடுவோம், அந்தப் பந்தயத்தில் மின்கலம் வெகுதூரம் முன்னே போய்விட்டது. இன்று ஹைட்ரஜனின் பெரிய வாடிக்கையாளர்கள் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் உரத்தொழிற்சாலைகளும்தான். காற்றிலிருக்கும் நைட்ரஜனோடு ஹைட்ரஜனைச் சேர்த்து அமோனியா, அமோனியாவிலிருந்து யூரியா. நாம் உண்ணும் சோற்றில் ஹைட்ரஜன் தொழிற்சாலையின் பங்கு உண்டு. நாளை இரும்புத் தாதுவிலிருந்து ஆக்ஸிஜனை நீக்க நிலக்கரிக்குப் பதிலாக ஹைட்ரஜன் பயன்பட வேண்டும் என்பது இன்னொரு பெரிய கனவு. இயற்கை எரிவாயுவிலிருந்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுத்தால் ஒன்பது, பத்து கிலோ கரியமில வாயு காற்றில் கலக்கிறது. ஆகவே உரத்தையும் எஃகையும் சுத்தமாகத் தயாரிக்க வேண்டுமானால் தண்ணீரைப் பிரித்துத்தான் ஆகவேண்டும்.

தண்ணீரை மின்சாரத்தால் பிரிக்கலாம் என்பது புதிய சேதி அல்ல. 1800ல் வோல்டா தன் மின்னடுக்கைப் பற்றி எழுதிய சில வாரங்களுக்குள்ளேயே லண்டனில் நிக்கல்சனும் கார்லைலும் அதைச் செய்து பார்த்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் பார்த்த சோதனைதான். இரண்டு கம்பிகள், ஒரு மின்கலம், குமிழிகள். பின் இதில் இருநூறு வருடச் சிக்கல் எங்கே இருக்கிறது?

கடினமான பாதி

எதிர்மின்வாயில் ஹைட்ரஜன் பிறக்கிறது. அது ஒப்பீட்டளவில் எளிய வேலை. இரண்டு புரோட்டான்களும் இரண்டு எலெக்ட்ரான்களும் சந்தித்தால் போதும். பிளாட்டினம் இதை அநாயாசமாகச் செய்கிறது, அதுவும் மிகச் சிறிய அளவில். மாலிப்டினம் சல்ஃபைடு என்ற, எஞ்சின் மசகுகளில் கலக்கும் மலிவான பொருளின் ஓரங்கள் பிளாட்டினத்தை நெருங்கக்கூடும் என்று 2005ல் டென்மார்க்கில் கணக்கிட்டார்கள். 2007ல் சோதனையில் அதை நிறுவியும் காட்டினார்கள்.

நேர்மின்வாயில் நடப்பது வேறு கதை. அங்கே ஆக்ஸிஜன் பிறக்க வேண்டும். இரண்டு நீர் மூலக்கூறுகளைச் சிதைத்து, நான்கு எலெக்ட்ரான்களை ஒவ்வொன்றாகப் பறித்து, இரண்டு ஆக்ஸிஜன் அணுக்களை ஒன்றோடொன்று பிணைத்து அனுப்ப வேண்டும். இடையில் மூன்று இடைநிலைப் பொருட்கள் வினையூக்கியின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு நிற்கும். வினையூக்கி அவற்றை இறுகப் பிடித்தால் அவை நகராது. தளரப் பிடித்தால் வினையே தொடங்காது. நடுத்தரமான பிடிதான் வேண்டும் என்பதை நோபல் பரிசு பெற்ற பிரெஞ்சு வேதியியலாளர் பால் சபாட்டியே நூறு வருடங்களுக்கு முன்பே சொன்னார். சிக்கல் என்னவென்றால், ஒரு இடைநிலைப் பொருளின் மீதான பிடியைத் தளர்த்தினால் மற்றதன் மீதான பிடியும் கூடவே தளர்கிறது. இரண்டையும் தனித்தனியே திருக முடியாது. இந்தப் பிணைப்பு இருக்கும்வரை, மிகச் சிறந்த ஆக்ஸைடு வினையூக்கியும் தேவையான 1.23 வோல்ட்டுக்கு மேல் ஏறக்குறைய 0.37 வோல்ட் தண்டம் கட்டித்தான் தீரவேண்டும் என்பது டென்மார்க்கின் நோர்ஸ்கோவ், ரோஸ்மெய்ஸ்ல் ஆகியோரின் கணக்குகளிலிருந்து கிடைத்த முடிவு.

தண்டம் என்றால் மின்சாரச் செலவு. வெப்பத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குக் குறைந்தபட்சம் 39.4 யூனிட் மின்சாரம் வேண்டும். நடைமுறையில் ஆலைகள் 50 முதல் 55 யூனிட் வரை எடுத்துக்கொள்கின்றன. ஒவ்வொரு 0.1 வோல்ட் மிச்சத்துக்கும் கிலோவுக்குச் சுமார் 2.7 யூனிட் மிச்சமாகும். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

பேனா முனையில் இருந்த உலோகம்

மின்னாற்பகுப்புக் கலங்களில் இரண்டு பெரிய குடும்பங்கள். பழையது காரக் கலம்: பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடு கரைசல், நிக்கல் மின்வாய்கள். புதியது புரோட்டானைக் கடத்தும் பிளாஸ்டிக் சவ்வைப் பயன்படுத்தும் கலம். இது அடக்கமானது, தூய ஹைட்ரஜனைத் தருவது. சூரிய ஒளியும் காற்றும் ஏறி இறங்குவதற்கு ஏற்ப வேகமாகத் தானும் ஏறி இறங்கக்கூடியது. ஆனால் அந்தச் சவ்வு வலிமையான அமிலம் போன்றது. அமிலச் சூழலில், ஒன்றரை வோல்ட்டுக்கும் மேலான அழுத்தத்தில், ஆக்ஸிஜன் கொப்பளிக்கும் இடத்தில் உட்கார்ந்திருப்பது எந்த உலோகத்துக்கும் நரகம்தான். இரும்பும் நிக்கலும் கோபால்ட்டும் கரைந்து போகும். ருத்தீனியம் ஆக்ஸைடு மிக நன்றாக வேலை செய்யும், ஆனால் சீக்கிரம் கரைந்துவிடும். திறமையில் அதற்கு அடுத்து நிற்கும் இரிடியம் ஆக்ஸைடு மட்டும் தாக்குப்பிடிக்கிறது. முதல் மதிப்பெண் வாங்கியவனை விட்டுவிட்டு, வேலையில் நிலைத்து நிற்பவனைத் தேர்ந்தெடுத்தது தொழில்துறை.

பழைய மைப்பேனாக்களின் நிப்பில் இரிடியம் முனை என்று எழுதியிருந்ததைப் பார்த்த வாசகர்கள் இங்கே இருப்பார்கள். தேயாத உலோகம் என்பதால் எழுதும் முனையில் ஒரு துளி வைத்தார்கள். அதே தேயாமைதான் இங்கும் அதன் தகுதி. ஆனால் பூமியின் மேலோட்டில் மிக அரிதான தனிமங்களில் அதுவும் ஒன்று. உலகம் முழுவதும் வருடத்துக்குச் சுரங்கங்களிலிருந்து கிடைப்பது ஏழெட்டு டன். அதிலும் ஐந்தில் நான்கு பங்குக்குமேல் தென்னாப்பிரிக்காவில் கிடைக்கிறது. இரிடியத்துக்கென்று யாரும் சுரங்கம் தோண்டுவதில்லை, பிளாட்டினம் எடுக்கும்போது கூடவே சிறிதளவு வருகிறது. எனவே விலை ஏறினாலும் உற்பத்தி ஏறாது. 2020ல் ஒரு அவுன்ஸ் 1,500 டாலர் அளவில் இருந்த விலை 2021ல் 6,000 டாலரைத் தாண்டியது.

இன்றைய சவ்வுக் கலங்களுக்கு ஒரு கிலோவாட்டுக்கு ஏறக்குறைய அரை கிராம் இரிடியம் தேவை. இந்திய அரசு 2023 ஜனவரியில் ஒப்புதல் அளித்த தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்தின் இலக்கு, 2030க்குள் ஆண்டுக்கு 5 மில்லியன் டன் உற்பத்தித் திறன். கிலோவுக்கு 52 யூனிட் என்று வைத்தால், கலங்கள் இரவு பகல் ஓய்வின்றி ஓடினாலும் 30 கிகாவாட் வேண்டும். சூரியனையும் காற்றையும் நம்பிப் பாதி நேரம்தான் ஓடும் என்றால் 60 கிகாவாட். அத்தனையும் சவ்வுக் கலங்களாக இருந்தால் 30 டன் இரிடியம். அதாவது உலகத்தின் நான்கு வருட மொத்த விளைச்சல், ஒரே ஒரு நாட்டுக்கு. ஐரோப்பாவின் இலக்கு இதற்கு இரண்டு மடங்கு.

இரிடியத்தைக் குறைப்பதும் அதை நீக்குவதும் இந்தத் துறையின் தலையாய வேலையாக ஆனது இதனால்தான். அந்த வேலை எப்படி நடக்கிறது, அதன் வெற்றியை எப்படி அளக்கிறார்கள் என்பதில்தான் நமக்கு வரும் செய்திகளின் பலவீனம் இருக்கிறது.

பத்து மில்லிஆம்பியர்

ஒரு புதிய வினையூக்கியை அறிவிக்கும் ஆய்வுக்கட்டுரையில் பெரும்பாலும் ஒரு எண் முன்னிறுத்தப்படும். சதுர சென்டிமீட்டருக்கு 10 மில்லிஆம்பியர் மின்னோட்டம் கிடைக்க எத்தனை மில்லிவோல்ட் கூடுதலாகத் தேவைப்பட்டது என்பதே அந்த எண். சிறியதாக இருந்தால் நல்லது. போன வருடம் யாரோ 250 என்றால் இந்த வருடம் 220.

ஏன் பத்து? சூரிய ஒளியை நேரடியாக ஹைட்ரஜனாக மாற்றும் கருவி, அதாவது செயற்கை இலை, பத்து சதவீதத் திறனோடு வேலை செய்தால் அதில் ஓடக்கூடிய மின்னோட்டம் ஏறக்குறைய அவ்வளவுதான். அந்த ஆராய்ச்சிக்காக வைத்த அளவுகோல் அது. தொழிற்சாலையில் சவ்வுக் கலங்கள் ஓடுவது சதுர சென்டிமீட்டருக்கு ஒன்றிலிருந்து இரண்டு ஆம்பியர்; நூறு, இருநூறு மடங்கு அதிகம். வயல் வரப்பில் நடந்து காட்டியவனை மாரத்தானுக்குத் தேர்ந்தெடுப்பது போல.

நிலைத்தன்மைக்கும் ஒரு படம் இருக்கும். பத்து மணி நேரம், இருபது மணி நேரம், நல்ல கட்டுரை என்றால் நூறு மணி நேரம். நூறு மணி நேரம் என்பது நான்கு நாட்கள் சொச்சம். ஆலையில் கலம் உழைக்க வேண்டியது 60,000 முதல் 80,000 மணி நேரம். ஏழிலிருந்து ஒன்பது வருடம். நான்கு நாள் படத்தில் கோடு சமதளமாக ஓடுவது ஒன்பது வருடத்தைப் பற்றி அநேகமாக எதையும் சொல்வதில்லை.

முன்பு மனதில் வைத்துக்கொள்ளச் சொன்ன கணக்கு இங்கே உதவும். ஒரு புதிய வினையூக்கி 30 மில்லிவோல்ட் மிச்சம் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு ஒரு யூனிட்டுக்கும் குறைவான லாபம். அமெரிக்க எரிசக்தித் துறை 2022ல் சவ்வுக் கலங்களின் அன்றைய நிலை என்று குறித்த தேய்மானம், ஆயிரம் மணி நேரத்துக்கு 4.8 மில்லிவோல்ட். அந்த வேகத்தில் நம் 30 மில்லிவோல்ட் லாபம் ஒன்பது மாதத்துக்குள் காணாமல் போகும். 40,000 மணி நேர முடிவில் மொத்தத் தேய்மானம் 190 மில்லிவோல்ட்டைத் தாண்டும்; அப்போது கிலோவுக்கு ஐந்து யூனிட் அதிகம் செலவாகிக்கொண்டிருக்கும். தேய்மானத்தைப் பாதியாகக் குறைப்பவர், பந்தயத்தில் முதலில் வந்தவரைவிடப் பெரிய சேவை செய்கிறார். அவர் தலைப்புச் செய்தியில் வரமாட்டார், ஏனெனில் அதை நிரூபிக்க அவருக்கு வருடக்கணக்கில் காலம் பிடிக்கும். முனைவர் பட்டத்துக்கு இருப்பதோ நான்கைந்து வருடம்.

மென்பொருள் துறையில் இருப்பவர்களுக்கு இது பழகிய விஷயம். ஒரு சோதனையில் கிடைக்கும் மதிப்பெண்ணைக் குறிக்கோளாக அறிவித்துவிட்டால், எல்லோரும் அந்தச் சோதனையில் வேகமாக ஓடும் நிரலை எழுத ஆரம்பித்துவிடுவார்கள். வாடிக்கையாளரின் கணினியில் அது மூன்றாம் மாதம் என்ன செய்கிறது என்பது வேறொருவரின் தலைவலி.

திறனும் ஆயுளும் எதிரெதிர்த் திசையில் இழுப்பது இந்தச் சிக்கலை இன்னும் மோசமாக்குகிறது. ஒழுங்கற்ற, தளர்ந்த அமைப்புள்ள இரிடியம் ஆக்ஸைடு அதிகத் திறனுள்ளது, சீக்கிரம் கரைவதும் அதுவே. இறுகிய படிக அமைப்புள்ளது மெதுவாக வேலை செய்யும், நெடுநாள் நிற்கும். 2018ல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் இதற்கொரு நேர்மையான அளவுகோலை முன்வைத்தார்கள். ஒரு இரிடியம் அணு கரைந்து போவதற்குள் எத்தனை ஆக்ஸிஜன் மூலக்கூறுகளைப் பெற்றுத் தந்தது என்று எண்ணுங்கள் என்றார்கள். நிலைத்தன்மை எண் என்று பெயர். மின்னழுத்தத்தை மட்டும் பார்த்தால் தெரியாத கரைசல், மின்பகுளியில் உலோகத்தைத் தேடினால் தெரிந்துவிடும்.

2008ன் செய்தி, 2024ன் செய்திகள்

2008ல் எம்.ஐ.டி.யின் டேனியல் நோசெராவும் மாத்யூ கானனும் வெளியிட்ட கண்டுபிடிப்பு பலருக்கு நினைவிருக்கலாம். சாதாரணத் தண்ணீரில் கோபால்ட்டையும் பாஸ்ஃபேட்டையும் கரைத்து மின்சாரம் செலுத்தினால், மின்வாயின் மேல் தானாகவே ஒரு வினையூக்கிப் படலம் உருவாகிறது. கோபால்ட் கரைந்தால் பாஸ்ஃபேட் அதைத் திரும்பப் படிய வைக்கிறது. தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்ளும் வினையூக்கி. 2011ல் சிலிக்கானோடு சேர்த்து செயற்கை இலை என்று காட்டினார்கள். ஏழை நாட்டு வீடுகளுக்குத் தண்ணீரும் வெயிலும் போதும் என்ற பேச்சு எழுந்தது. சன் கேடலிடிக்ஸ் என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. டாடா குழுமம் முதலீடு செய்தது. கம்பியில்லா இலையின் திறன் 2.5 சதவீதம். அதே வேளையில் சீனாவில் சூரியத்தகடுகளின் விலை சரிந்துகொண்டிருந்தது. தகடு ஒரு பக்கம், மின்னாற்பகுப்புக் கலம் ஒரு பக்கம் என்று தனித்தனியே வைப்பதே மலிவாகிவிட்டது. நிறுவனம் வேறுவகை மின்கலங்களுக்கு மாறி, 2014ல் லாக்ஹீட் மார்ட்டினுக்கு விற்கப்பட்டது.

2024ல் வந்த இரண்டு செய்திகளை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஜப்பானின் ரிக்கென் நிறுவனத்தில் மாங்கனீஸ் ஆக்ஸைடின் மேல் இரிடியத்தைத் தனித்தனி அணுக்களாகத் தூவி, தேவையை 95 சதவீதம் அளவுக்குக் குறைத்தார்கள். உண்மையான சவ்வுக் கலத்தில், தொழிற்சாலை அளவு மின்னோட்டத்துக்குச் சோதித்தார்கள். சில மாதங்கள் தாக்குப்பிடித்தது. பார்சலோனாவின் ஒளியியல் ஆய்வு நிறுவனத்தில் இரிடியமே இல்லாமல் கோபால்ட் டங்ஸ்டன் ஆக்ஸைடைப் பயன்படுத்தினார்கள். ஆக்ஸைடிலிருந்து டங்ஸ்டனை உருவி, அந்த வெற்றிடங்களில் நீரையும் ஹைட்ராக்ஸைடையும் குடியேற்றியதால் கோபால்ட் கரைவது தடைபட்டது. ஒரு ஆம்பியரில் 600 மணி நேரத்துக்கு மேல் ஓடியது.

மணி நேரக் கேள்வியைக் கேட்டால் இரண்டாவது இன்னும் ஒரு மாதக் குழந்தை என்று தெரிகிறது. ஆனால் சோதனை முறை மாறியிருப்பதைக் கவனிக்க வேண்டும். பத்து மில்லிஆம்பியரில் பெருமைப்படாமல் நிஜக் கலத்தில் ஓட்டிப் பார்த்து, எவ்வளவு நேரம் என்பதை ஒளிக்காமல் சொல்கிறார்கள். அந்த வகையில் இவை நல்ல செய்திகள்.

இரும்பு அழுக்கு

ஆயுளை வடிவமைக்க முடியுமா? இதற்குக் காரக் கலங்களின் வரலாற்றில் அழகான ஒரு பாடம் இருக்கிறது.

நிக்கல் நல்ல ஆக்ஸிஜன் வினையூக்கி என்று பல பத்தாண்டுகளாகப் பாடப்புத்தகங்களில் எழுதப்பட்டு வந்தது. 1987ல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தைச் சேர்ந்த டென்னிஸ் காரிகன், கரைசலில் அழுக்காகக் கலந்திருக்கும் மிகச் சிறிதளவு இரும்புதான் நிக்கலை ஊக்குவிக்கிறது என்று காட்டினார். 2014ல் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் பாட்சர் குழுவினர், இரும்பை முற்றிலும் நீக்கிய பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடில் சோதித்தபோது, நிக்கலின் புகழ்பெற்ற திறனில் பெரும்பகுதி மறைந்துவிட்டது. கடையில் வாங்கும் காரத்தில் இருக்கும் இரும்புத் தூசை நிக்கல் உறிஞ்சிக்கொண்டிருந்தது. உழைத்தது இரும்பு, பேர் வாங்கியது நிக்கல்.

2020ல் அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகம் இன்னும் ஒரு படி மேலே போனது. இந்த இரும்பு அணுக்கள் மேற்பரப்பில் நிலையாக உட்கார்ந்திருக்கவில்லை. கரைகின்றன, திரும்பவும் படிகின்றன. கரைசலில் சிறிது இரும்பு இருக்கும்வரை இரண்டும் சமமாக நடந்து, மொத்தத்தில் மேற்பரப்பு மாறாமல் இருக்கிறது. கரைசலைச் சுத்தமாக்கிவிட்டால் கரைதல் மட்டும் நடந்து, வினையூக்கி இறக்கிறது. நோசெராவின் கோபால்ட் படலத்தில் இருந்த அதே தத்துவம். அவருடைய கருவி சந்தைக்கு வராவிட்டாலும், அந்த எண்ணம் பிழைத்துக்கொண்டது.

கரையாத பொருளைத் தேடி அலைவதைவிட, கரைவதைக் கணக்கில் கொண்டு, கரைந்ததைத் திருப்பித் தரும் சூழலைக் கலத்துக்குள்ளேயே அமைப்பது வினையூக்கி வடிவமைப்பில் இன்னொரு பாதை. உயிரினங்கள் செய்வதும் ஏறக்குறைய இதுதான். ஒளிச்சேர்க்கையில் தண்ணீரைப் பிரிக்கும் மாங்கனீஸ் தொகுதியைத் தாங்கும் புரதம் வெயிலில் அடிக்கடி சிதைகிறது; செடி அதைத் தொடர்ந்து மாற்றிக்கொண்டே இருக்கிறது. எந்த இலையும் அறுபதாயிரம் மணி நேர உத்தரவாதம் தருவதில்லை.

கணினியால் இதைத் துரிதப்படுத்த முடியாதா என்று கேட்கலாம். 2020ல் மெட்டாவும் (அன்று ஃபேஸ்புக்) கார்னெகி மெலன் பல்கலைக்கழகமும் தொடங்கிய ஓபன் கேடலிஸ்ட் திட்டம் போன்றவை, கோடிக்கணக்கான அணு அமைப்புகளின் ஆற்றலைக் கணக்கிட்டு, இயந்திரக் கற்றலால் புதிய வினையூக்கிகளைத் தேடுகின்றன. எந்தப் பரப்பு எந்த மூலக்கூறை எவ்வளவு இறுகப் பிடிக்கும் என்பதை அவை வேகமாகச் சொல்லும். அது திறனைப் பற்றிய கேள்வி. ஒரு பொருள் எந்த அழுத்தத்தில், எந்த அமிலத்தன்மையில் கரைய வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. ஆனால் எவ்வளவு வேகமாகக் கரையும், எங்கே போய்ப் படியும், ஆயிரம் முறை நிறுத்தி ஓட்டினால் என்ன ஆகும் என்பதை ஒற்றை எண்ணாகச் சுருக்கும் வழி இன்னும் கிடைக்கவில்லை.

அணைக்கட்டும் மேகமும்

இரிடியம் இல்லை என்றால் பழைய காரக் கலத்துக்கே போகலாமே? போகலாம், போகிறார்கள். சவூதி அரேபியாவின் நியோம் திட்டம் தேர்ந்தெடுத்திருக்கும் இரண்டு கிகாவாட்டுக்கும் மேலான கலங்கள் இந்த வகைதான். இந்தத் தொழில்நுட்பம் ஏற்கனவே உலகத்துக்கு உரம் கொடுத்தது. நார்வேயின் வெமோர்க் நீர்மின் நிலையத்தில் 1920களின் இறுதியிலிருந்து தண்ணீரைப் பிரித்தார்கள். 1943ல் நார்வே வீரர்கள் வெடிவைத்துத் தகர்த்த கனநீர்க் கலங்கள் அந்தத் தொழிற்சாலையின் உபரிப் பொருளைத் தந்தவை. இந்தியாவிலும் பக்ரா அணையின் மின்சாரத்தைக் கொண்டு நங்கல் உரத்தொழிற்சாலை 1960களில் இதைச் செய்தது. 1962ல் இயங்கத் தொடங்கிய இந்தியாவின் முதல் கனநீர் ஆலை அதை ஒட்டியே அமைந்தது.

அணைக்கட்டிலிருந்து வந்தது சீரான மின்சாரம். சூரியத்தகட்டிலிருந்து வருவது மேகத்தைக் கேட்டு வரும் மின்சாரம். காரக் கலத்தை நிறுத்தும்போது, உள்ளே தேங்கிய வாயுக்களால் மின்னோட்டம் சிறிது நேரம் எதிர்த்திசையில் ஓடி மின்வாய்களைத் தாக்குகிறது. தினமும் மாலையில் நிறுத்திக் காலையில் தொடங்கினால் பத்து வருடத்தில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட முறை. குறைந்த மின்சாரத்தில் ஓட்டினால் ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் கலந்து வெடிக்கும் அபாயமும் உண்டு. சீனாவின் ஸின்ஜியாங் மாநிலத்தில், குச்சா நகரில், 2023ல் திறக்கப்பட்ட 260 மெகாவாட் ஆலை அன்று உலகிலேயே பெரியது. மின்சாரம் குறையும்போது அதன் கலங்கள் சொன்னபடி இயங்கவில்லை என்ற செய்தி அந்த வருட முடிவிலேயே வந்தது. ஆய்வகப் படத்தில் இல்லாத மேகம் ஆலையின் மேல் வந்து நின்றது.

பணம் எங்கே போகிறது

2021ல் ஒரு கிலோ ஒரு டாலர், பத்து வருடத்துக்குள் என்று அமெரிக்கா அறிவித்தபோது இருந்த உற்சாகம் வடிந்துகொண்டிருக்கிறது. 2024 ஜூலையில் ஐரோப்பியத் தணிக்கை நீதிமன்றம், ஐரோப்பாவின் 2030 இலக்குகள் யதார்த்தத்துக்குப் பொருந்தாதவை என்று அறிக்கை தந்தது. அதே மாதம் ஆஸ்திரேலியாவின் ஃபோர்டெஸ்க்யூ, 2030க்குள் 15 மில்லியன் டன் என்ற தன் இலக்கைக் கைவிட்டது. 2025ல் ஆர்சலர்மிட்டல், ஜெர்மனியில் ஹைட்ரஜன் எஃகுக்காகக் கிடைத்த 130 கோடி யூரோ அரசு மானியத்தையே வேண்டாம் என்றது. இதற்கெல்லாம் வினையூக்கி மட்டும் காரணமில்லை. மின்சார விலை, வட்டி, வாங்க ஆள் இல்லாமை என்று பல உண்டு. ஆனால் பத்து வருடம் உழைக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாத இயந்திரத்துக்கு வங்கி கடன் தரத் தயங்குவதும், தந்தால் வட்டியைக் கூட்டுவதும் இயல்பு.

இந்தியாவின் இயக்கத்துக்கு ஒதுக்கிய தொகை 19,744 கோடி ரூபாய். அதில் 17,490 கோடி, கலங்களையும் ஹைட்ரஜனையும் உற்பத்தி செய்வோருக்கான ஊக்கத்தொகை. ஆராய்ச்சிக்கு 400 கோடி, அதாவது நூற்றுக்கு இரண்டு. கலம் தயாரிப்பவருக்கு, விற்கும் கிலோவாட் கணக்கில் ஐந்து வருடங்களுக்குப் படிப்படியாகக் குறையும் ஊக்கத்தொகை. விற்கும்போது ஆயுளைக் காகிதத்தில் எழுதித் தரலாம். ஏழாவது வருடம் அந்தக் காகிதம் உண்மையா என்று தெரியவரும்போது ஊக்கத்தொகை கொடுத்து முடிந்திருக்கும்.

தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் 2025 செப்டம்பரில் ஒரு சிறிய முன்னோட்ட ஆலை தொடங்கப்பட்டது. மணிக்குப் பத்து கன மீட்டர், ஏறக்குறைய 900 கிராம் ஹைட்ரஜன். சிறியது என்று கேலி செய்தவர்களைப் பார்த்தேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெயிலும் உப்புக்காற்றும் உள்ள இடத்தில் ஒரு கலம் மாதாமாதம் எத்தனை மில்லிவோல்ட் தேய்கிறது என்பதை அளந்து பொதுவில் வெளியிட்டால், இன்னொரு நூறு ஆய்வுக்கட்டுரைகளைவிட அது பயன் தரும். வெளியிடாமல் தெருவிளக்கு எரிவதை மட்டும் காட்டினால், கேலி செய்தவர்கள் சொன்னது சரியாகிவிடும்.

அளப்பதற்கு ஆள் இல்லாமலில்லை. அழகப்பச் செட்டியாரின் கொடையில் காரைக்குடியில் 1953ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இந்தத் துறையில் நெடுநாளாக இயங்கிவருகிறது. வினையூக்கிகளின் திறனை எப்படியெல்லாம் தவறாக அளக்கிறார்கள், எப்படி அளக்க வேண்டும் என்று அங்கிருந்து 2018ல் வந்த கட்டுரை உலகெங்கும் மேற்கோள் காட்டப்படுகிறது. புதிய பொருள் ஒன்றைக் கண்டுபிடித்தேன் என்பதைவிட, நாம் அளக்கும் விதம் சரியில்லை என்று சொல்வதற்குக் கூடுதல் துணிவு வேண்டும்.

அந்தத் துணிவுக்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது. ஒரே மாதிரியான கலங்களில், நிஜ மின்னோட்டத்தில், நிறுத்தியும் ஓட்டியும் ஒரு வருடத்துக்குமேல் சோதிக்கும் பொது ஆய்வுக்கூடங்கள் வேண்டும். எந்த வினையூக்கி எப்போது, எப்படி இறந்தது என்ற தகவல் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும். மானியத்தில் ஒரு பகுதியையாவது, விற்ற கிலோவாட்டுக்கு என்றில்லாமல், ஐந்தாம் வருடமும் எட்டாம் வருடமும் அந்தக் கலம் உண்மையில் தந்த கிலோவுக்குக் கொடுக்கலாம். இதில் எதுவும் தலைப்புச் செய்தியாகாது.

அடுத்த சாதனைச் செய்தி சில வாரங்களில் வரும். அப்போது மூன்று எண்களைத் தேடிப் பாருங்கள்: சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை ஆம்பியர், எத்தனை மணி நேரம், மின்பகுளியில் எவ்வளவு உலோகம் கரைந்தது. மூன்றும் இருந்தால் நம்பிக்கையோடு படியுங்கள். முதல் பத்தியில் சந்தை வாய்ப்பும் கடைசிப் பத்தி வரை மணி நேரமும் இல்லாமல் இருந்தால், அந்த வினையூக்கி நான்கு நாட்கள் உழைத்தது என்று எடுத்துக்கொள்ளலாம்.